சுண்ணாம்புக் குழி எங்கே இருந்தது?

அனகாபுத்தூரிலோ பம்மலிலோ மனை வாங்கி அடுக்ககம் கட்டத் தொடங்குகிறவரிடம் மண் பரிசோதனை அறிக்கை ஒன்று இருக்கும். எத்தனை அடியில் களி, எத்தனை அடியில் பாறை, சதுர மீட்டருக்கு எத்தனை டன் தாங்கும், பைல் இறக்க வேண்டுமா என்பதெல்லாம் அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். அதே மண்ணில் குரோமியம் உண்டா, ஆர்செனிக் உண்டா என்று ஒரு வரி இருக்காது. கட்டடம் பெரிதாக இருந்தால் தீயணைப்புத் துறை, விமான நிலைய ஆணையம், நீர்வளத் துறை, போக்குவரத்துக் காவல் என்று தடையின்மைச் சான்றுகள் கோப்பில் சேரும். பதிவுத் துறையின் வில்லங்கச் சான்றிதழோ அந்த இடத்தை யார் யாரிடம் அடகு வைத்தார், எப்போது மீட்டார் என்று முப்பது வருடக் கதையைச் சொல்லும். அங்கே தோல் ஊறவைத்த தொட்டி இருந்ததை எந்தச் சான்றிதழும் சொல்லாது.

இவ்வூர்கள் இருக்கும் தாம்பரம் மாநகராட்சியின் வடக்கு முனையில் இதைச் சிறிய விடுபடல் என்று தள்ள முடியாது. குரோம்பேட்டை என்ற பெயரே சேம்பர்ஸ் குடும்பத்தின் குரோம் லெதர் ஆலையிலிருந்து பிறந்தது. அதைத் தொடர்ந்து பல்லாவரம், நாகல்கேணி, பம்மல் என்று தோல் பதனிடும் கொட்டகைகள் பெருகின. 1990-களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வரும்வரை கழிவுநீர் போன வழி கால்வாயும் தாழ்நிலமும்தான், கடைசியில் அடையாறு. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தபோது, அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்ட ஆலைகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. இன்று அந்தக் கொட்டகைகளில் சில இயங்குகின்றன. மற்றவை மூடிக் கிடக்கின்றன, கிடங்காகியிருக்கின்றன, மனைகளாகப் பிரிக்கப்படுகின்றன.

இந்த நிலையில்தான் 2025 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மாசுபட்ட இடங்களை மேலாண்மை செய்வதற்கான விதிகளை அறிவித்தது. இந்தியாவில் முதன்முறையாக நச்சேறிய நிலத்துக்கென்று தனிச் சட்ட வரையறை கிடைத்துவிட்டது என்ற வரவேற்பு அதற்குக் கிடைத்தது. நாடு முழுவதும் இப்படிப்பட்ட 103 இடங்கள் அடையாளம் காணப்பட்டிருப்பதாகவும் அவற்றில் ஏழில் மட்டுமே சீரமைப்பு தொடங்கியிருப்பதாகவும் அப்போது சொல்லப்பட்டது. விதிகள் வகுத்த வழி இது: மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலைத் தர வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாட்களுக்குள் முதற்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும். அடுத்த மூன்று மாதத்தில் விரிவான ஆய்வு நடத்தி, மாசு உண்டா இல்லையா என்று முடிவுக்கு வர வேண்டும். மாசுபடுத்தியவர் யாரென்று கண்டுபிடித்துச் செலவை அவரிடம் வாங்க வேண்டும்.

இதில் பாராட்ட வேண்டியது உண்டு. கால வரம்பு நல்லது. படிப்படியாகப் போவதும் நல்லது. முதல் நாளே நூறு துளை போட்டுப் பணத்தைக் கரைக்காமல், சந்தேகம் எங்கே வலுக்கிறதோ அங்கே ஆழமாகப் போகலாம். நிலம் எதற்குப் பயன்படப் போகிறதோ அதற்கேற்ப அளவுகோலை மாற்றுவதிலும் நியாயம் இருக்கிறது. கனடா நாட்டின் வழிகாட்டு அளவுகளில் ஈயம் விவசாய நிலத்துக்குக் கிலோவுக்கு 70 மில்லிகிராம், குடியிருப்புக்கு 140, வணிகத்துக்கு 260, தொழிற்சாலைக்கு 600. குழந்தை மண்ணில் விளையாடும் முற்றத்துக்கும் லாரி நிற்கும் கான்கிரீட் தளத்துக்கும் ஒரே எண்ணைக் கேட்பது வீண்செலவு. பழைய ஆலை நிலத்தை மீண்டும் பயன்படுத்தினால் ஏரிக்கரையும் வயல்வெளியும் கொஞ்சம் தப்பும் என்ற வாதமும் சரியானதே.

ஆனால் இந்த முறை முழுவதும் ஒரு அடித்தளத்தின்மேல் நிற்கிறது. அந்த நிலத்தில் என்ன நடந்தது, எங்கே நடந்தது, எப்போது நடந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் முதலிலேயே விடை தெரிந்திருக்க வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அமைச்சகமும் வெளியிட்ட வழிகாட்டு நூல்களில் வரலாற்றைத் தொகுப்பது முதல் படியாகவே இருக்கிறது. நடைமுறையில் அந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். பட்டா நகல், ஒரு செயற்கைக்கோள் படம், வாரியத்தின் இசைவாணை இருந்தால் அதன் பிரதி, அரைமணி நேரம் வேலியைச் சுற்றி ஒரு நடை. அதோடு வரலாறு முடிந்தது. பிறகு மண் அள்ளும் வண்டி வருகிறது, ஆய்வகம் வருகிறது, தசமப் புள்ளிகள் வருகின்றன. தசமப் புள்ளியைப் பார்த்ததும் அதற்கு முந்தைய பக்கம் வெறுமையாக இருந்தது எல்லோருக்கும் மறந்துவிடுகிறது.

கொடைக்கானலை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் நச்சேறிய நிலம் பற்றிப் பேசுகிறவர்கள் அனைவரும் அந்த வழக்கைத் தொடுகிறார்கள், ஆனால் பெரும்பாலும் அதன் பின்பாதியைத்தான் பேசுகிறார்கள். 1983-ல் தொடங்கி, பின்னர் இந்துஸ்தான் லீவர் வசம் வந்த வெப்பமானி ஆலை அது. சுத்தம் செய்தபின் மண்ணில் எவ்வளவு பாதரசம் மிஞ்சலாம் என்பதில் ஆண்டுக்கணக்கில் சண்டை நடந்தது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற அளவு ஏற்கப்பட்டது. தனிம நிலைப் பாதரசத்துக்கு 2009-ல் பிரிட்டன் குடியிருப்பு நிலத்துக்கு வைத்த வழிகாட்டு அளவு 1 மில்லிகிராம்தானே என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். பாம்பார் சோலைச் சரிவின் விளிம்பில் நிற்கும் ஆலைக்கு எந்த எண் பொருந்தும் என்பது முக்கியமான கேள்விதான்.

ஆனால் அந்தக் கேள்வி எழுவதற்கே காரணம் ஒரு பழைய இரும்புக் கடை. 2001 மார்ச்சில் கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் குவிந்து கிடந்ததை ஊர்க்காரர்களும் சூழல் ஆர்வலர்களும் கண்டுபிடித்தார்கள். எந்த அதிகாரியின் அட்டவணையும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அதே மாதம் ஆலை மூடப்பட்டது. ஆலைக்குள் என்ன நடந்தது, எங்கே கண்ணாடி உடைத்தார்கள், கழிவு எந்தப் பக்கம் போனது என்பதை வெளியே கொண்டுவந்ததில் முன்னாள் தொழிலாளர்களின் பேச்சுக்குப் பெரும் பங்கு உண்டு. 2003-ல் பாதரசக் கழிவு சுமார் 290 டன் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதும் அதைத் தொடர்ந்துதான். எண்ணைப் பற்றிய விவாதம் நிபுணர்களுக்குச் சொந்தமானது. இடத்தைப் பற்றிய அறிவு அங்கே வேலை செய்தவர்களிடமும் வேலியோரம் வாழ்ந்தவர்களிடமும் இருந்தது.

கொடைக்கானலிலாவது ஒரு ஆலை, ஒரு உரிமையாளர், ஒரு மதில். ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் நிறுவனம் விட்டுப்போன குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல். அது மலைபோல் குவிந்து கண்ணுக்கே தெரிகிறது. மழைக்காலத்தில் மஞ்சள் நீர் கசிவதை யாரும் மறைக்க முடியாது. 2006-ல் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களுள் ஒன்றாக ராணிப்பேட்டையைச் சேர்த்தது. இப்போதைய மதிப்பீட்டு முறை இவ்விரண்டையும் போன்ற இடங்களை மனத்தில் வைத்து உருவானது. பெரிய இடம், தெரிந்த பெயர், வரைந்த எல்லை.

நாகல்கேணி அப்படியில்லை. இங்கே தோல் கொட்டகை பத்து சென்ட், இருபது சென்ட், பெரியதென்றால் ஒரு ஏக்கர். கை மாறியிருக்கும், அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிந்திருக்கும், ஒரு பாதி கிடங்கும் மறு பாதி வாடகை வீடுமாகியிருக்கும். 20,000 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டுமானத்துக்கு 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதியே தேவையில்லை. ஆகவே இந்த இடங்களில் பெரும்பாலானவை எந்த மதிப்பீட்டின் வாசலுக்கும் வருவதில்லை. தப்பித்தவறி வருகிறவற்றுக்கு நடப்பது என்ன?

ஒரு ஏக்கர் பழைய தோல் கொட்டகை. ஆய்வாளர் 20 மீட்டருக்கு ஒரு துளை என்று கட்டம் போடுகிறார். ஏக்கருக்குப் பத்துத் துளை. பார்க்க நேர்த்தியாக இருக்கும். அந்த ஏக்கருக்குள் கழிவு வடிந்து சேர்ந்த குழி ஒன்று இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலத்தில் புதைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டத்தின் ஒவ்வொரு சதுரமும் 400 சதுர மீட்டர், குழி 4 சதுர மீட்டர். ஒரு துளை அந்தக் குழிக்குள் இறங்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. மீதி 99 முறையும் அறிக்கை சுத்தம் என்று சொல்லும். எழுதியவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். செலவைக் குறைக்க நாலைந்து மாதிரிகளை ஒன்றாகக் கலந்து சோதித்தால் இன்னும் மோசம். ஒரு கைப்பிடி நஞ்சு நாலு கைப்பிடி நல்ல மண்ணில் கரைந்து அளவுக்குள் வந்துவிடும்.

அந்தக் கொட்டகையில் முப்பது வருடம் தோல் இழுத்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால், சுண்ணாம்புக் குழிகள் எந்த வரிசையில் இருந்தன, ட்ரம் எங்கே சுற்றியது, கழிவுநீர் எந்த மூலையில் தேங்கியது, எந்தக் கிணற்றைக் கைவிட்டு மூடினார்கள் என்று கால்மணி நேரத்தில் கை நீட்டிக் காட்டிவிடுவார். நூற்றில் ஒன்றாக இருந்த வாய்ப்பு அந்தக் கை நீட்டலில் தலைகீழாகும்.

எங்கே என்பதைப் போலவே என்ன, எப்போது என்பதும். தோல் என்றதும் ஆய்வகங்கள் குரோமியம் என்கின்றன. மெட்ராஸ் தோலுக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்தது குரோம் அல்ல. ஆவாரம் பட்டையில் பதமிட்ட ஈ.ஐ. என்ற கிழக்கிந்தியத் தோல். பட்டை முறையில் மட்டும் ஓடிய கொட்டகையில் குரோமியத்தைத் தேடினால் கிடைக்காது, நிலத்துக்கு நற்சான்று கிடைத்துவிடும். ஆனால் ரோமம் நீக்கச் சுண்ணாம்போடு ஆர்செனிக் சல்பைடு சேர்ப்பது பழைய தோல் தொழிலில் உலகெங்கும் இருந்த வழக்கம். பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பென்டாகுளோரோபீனால் பின்னாளில் பரவலாகப் பயன்பட்டது. இவற்றைக் கேட்டால்தான் ஆய்வகம் தேடும். கேட்காததை அது தேடித் தராது.

குரோமிலும் காலம் முக்கியம். இன்றைய ஆலைகள் வாங்குவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமிய உப்பு, ஒப்பீட்டில் சாது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த இரட்டைத் தொட்டி முறையில் தோலை முதலில் ஊறவைத்ததே டைகுரோமேட்டில், அதாவது ஆறு இணைதிறன் கொண்ட, புற்றுநோய் தரும் வடிவத்தில். பிற்காலத்தில்கூட டைகுரோமேட்டை வாங்கி வெல்லப்பாகு ஊற்றிக் கொட்டகையிலேயே குரோம் சாறு காய்ச்சுவது இந்தியத் தோல் தொழிலில் இருந்த பழக்கம். அந்தச் சாறு காய்ச்சிய மூலையும் முற்றத்தின் மற்ற பகுதியும் ஒன்றல்ல. கனடா அளவுகளில் குடியிருப்பு மண்ணில் மொத்தக் குரோமியம் 64 மில்லிகிராம் வரை போகலாம், ஆறு இணைதிறன் வடிவத்துக்கோ 0.4 மட்டும். நூற்றறுபது மடங்கு வித்தியாசம். எந்த மூலையில் எந்தப் பத்தாண்டில் எது காய்ந்தது என்று தெரியாமல் எடுத்த மாதிரிக்கு இந்த இரண்டு எண்களில் எதை வைத்துப் பார்த்தாலும் பயன் குறைவு.

அனகாபுத்தூருக்கு வந்தால் கதை வேறு. இது நெசவூர். ஆப்பிரிக்கச் சந்தைக்குப் போன மெட்ராஸ் கைக்குட்டைத் துணி நெய்த தறிகள் இங்கே இருந்தன. நெசவூர்களில் நூலுக்குச் சாயம் காய்ச்சுவது பட்டறையிலும் நடக்கும், வீட்டுக் கொல்லையிலும் நடக்கும். கொல்லைச் சாயத்தொட்டிக்கு எந்த இசைவாணையும் இருக்காது, எந்த வரைபடத்திலும் புள்ளி இருக்காது. தெருவில் பெரியவர்களைக் கேட்பதைத் தவிர அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

இன்னொன்று, இந்த வட்டாரத்துக்கே உரியது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்த நீர் அடையாறு வழியாக வந்து அனகாபுத்தூரை மூழ்கடித்தபின், கட்டுகிறவர் எவரும் மனையை உயர்த்தாமல் கட்டுவதில்லை. நாலடி, ஐந்தடிக்கு வெளியூர் கிராவல் கொட்டி மேடாக்குகிறார்கள். அப்படி மேடாக்கிய மனையில் மேல் ஒரு அடி மண்ணை அள்ளிச் சோதித்தால் ஆய்வகம் சோதிப்பது ஏதோ ஒரு குவாரியின் மண்ணை. தோல் கொட்டகையின் பழைய தரை அதற்குக் கீழே இருக்கிறது. மனை எப்போது மேடானது என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். அதைக் கேட்கும் வினாத்தாள் எவரிடமும் இல்லை.

முறையைக் காப்பவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். ஞாபகம் நம்பகமானதல்ல, வயதானவர்கள் ஆண்டைக் குழப்புவார்கள், பழைய முதலாளிமேல் கோபம் இருக்கும், மனை விலை குறையும் என்று மறைப்பார்கள், மண் மட்டும் பொய் சொல்லாது என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து ஒரு நிலத்தை நச்சு நிலம் என்று முத்திரை குத்த முடியாது. ஆனால் யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. துளை எங்கே போடுவது என்று தீர்மானிக்க ஞாபகம் வேண்டும், அங்கே என்ன இருக்கிறது என்று தீர்மானிக்க ஆய்வகம் வேண்டும். ஞாபகம் தவறினால் ஒரு துளை வீணாகும். கேட்காமல் விட்டதால் தவறினால் அதன்மேல் ஒரு குழந்தைகள் பூங்கா எழும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது நேர்மையான எடைபோடல் ஆகாது.

ஞாபகத்தைச் சரிபார்க்க ஆவணமும் இருக்கிறது. அதைத்தான் இந்தத் துறையினர் தேடுவதே இல்லை. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது 1982-ல். அதற்கு முந்தைய கொட்டகைகளுக்கு வாரியக் கோப்பு இருக்க வாய்ப்பில்லை. ஆனால் 1920 மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் கீழ் அபாயகரமான, அருவருப்பான தொழில்களுக்கு உரிமம் வாங்க வேண்டியிருந்தது. நகராட்சி அலுவலகத்தில் இன்றும் டி அண்ட் ஓ லைசென்ஸ் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பதிவேடுகளில் யார், எந்தக் கதவிலக்கத்தில், என்ன தொழில் என்று வருடந்தோறும் எழுதியிருப்பார்கள். தொழிற்சாலை ஆய்வுத் துறையின் பதிவும் மின்வாரியத்தின் தொழில் இணைப்புக் கணக்கும் அதோடு சேரும். 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், தாம்பரம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகித் தாம்பரம் மாநகராட்சி ஆனது. அலுவலகங்கள் இணையும்போது பழைய பதிவேடுகள் மூட்டையாகக் கட்டப்பட்டு ஏதோ ஓர் அறைக்குள் போவது எங்கும் நடப்பது. அந்த மூட்டைகளை அவிழ்ப்பது மண் மாதிரி எடுப்பதைவிட மலிவான வேலை.

இப்படிச் செய்த நாடு இல்லாமலில்லை. நெதர்லாந்தில் லெக்கர்கெர்க் என்ற சிற்றூரில் 1970-களில் கட்டிய குடியிருப்புக்குக் கீழே ரசாயனப் பீப்பாய்கள் புதைந்திருந்தது தெரியவந்து, 1980-ல் சுமார் 270 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. நிலத்தை நிரப்பக் கொட்டிய குப்பைதான் அங்கே காரணம். அதன்பின் 1983-ல் மண் சீரமைப்புக்கு இடைக்காலச் சட்டம் வந்தது. அதோடு அவர்கள் நிற்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்கிய தொல்லை தரும் தொழில் உரிமங்களையும் வணிகப் பதிவுகளையும் வாரிச் சேர்த்து, எந்த முகவரியில் எந்தப் பட்டறை இருந்தது என்று ஊர்ஊராகப் பட்டியல் போட்டார்கள். துளை போடும் முன் வரலாற்றைத் தொகுப்பதற்கென்றே தனித் தர நிர்ணயம் அங்கே உண்டு. அவர்களின் தொல்லைச் சட்டமும் இங்கிருக்கும் டி அண்ட் ஓ உரிமமும் ஒரே குணமுள்ளவை. ஒன்று தோண்டி எடுக்கப்பட்டது, மற்றது மூட்டையில் கிடக்கிறது.

2025 விதிகளிலும் பொதுமக்களுக்கு இடம் இருக்கிறதே என்று கேட்கலாம். புகார் கொடுக்கிறவராக இருக்கிறது. புகார் கொடுப்பவரை அதிகாரி ஒருமுறை சந்தித்து, மனுவை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம். சாட்சியை அப்படி அனுப்ப முடியாது. இடத்துக்கு அழைத்துப் போக வேண்டும், அவர் காட்டியதை வரைபடத்தில் குறிக்க வேண்டும், குறித்ததை அறிக்கையில் சேர்க்க வேண்டும், அங்கே துளை போடவில்லையென்றால் ஏன் போடவில்லை என்று எழுத வேண்டும். முதற்கட்ட மதிப்பீட்டுக்குக் கொடுத்த 90 நாளில் இதற்கு ஒரு வாரம் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாவட்ட நிர்வாகம் தரப்போகும் பட்டியலில் நாகல்கேணியின் இருபது சென்ட் கொட்டகைகள் இடம்பெற வேண்டுமென்றால் முதலில் அவை எங்கே இருந்தன என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அது தானாகத் தெரிய வழியில்லை.

சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026-ஓடு முடிகிறது. அடுத்த இருபதாண்டுக்கான மூன்றாம் திட்டம் தயாராகிவருகிறது. எந்தப் புல எண் தொழில் மண்டலம், எது குடியிருப்பு மண்டலம் என்ற நிறங்கள் அதில்தான் தீட்டப்படும். தொழில் நிறத்தைக் குடியிருப்பு நிறமாக மாற்றும் ஒவ்வொரு புல எண்ணுக்கும் பக்கத்தில் தொட்டி, ட்ரம், கிணறு, சாயப்பட்டறை என்று எழுத ஒரு கட்டம் சேர்த்தால் போதும். புதிய சட்டம் எதுவும் வேண்டாம். அந்தக் கட்டத்தை நிரப்பத் தெரிந்தவர்கள் நாகல்கேணியிலும் பம்மலிலும் இன்னும் இருக்கிறார்கள். 1975-ல் இருபது வயதில் சுண்ணாம்புக் குழியில் இறங்கியவருக்கு இப்போது எழுபது.